அம்மாவுக்குக் காசநோய் என்று சொன்னேன்

லீமா,
வியாழன் இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

யானிரா எழுதுகிறேன். சுரங்கத்தில் குளிர் எப்படி இருக்கிறது? தம்பி வில்மருக்கு முன்பல் விழுந்துவிட்டது. நான் கணக்கில் தேறிவிட்டேன். பேருந்து ஓட்டும் தெமேத்ரியோ மாமா விடியற்காலையில் உங்கள் பக்கம் கிளம்புகிறார். அவரிடம் கொடுத்தனுப்ப, அம்மாவுக்குத் தெரியாமல் போர்வைக்குள் எழுதுகிறேன்.

நான் ஒரு பொய் சொல்லிவிட்டேன் அப்பா.

வேலை பார்த்த தையல் பட்டறையை மூடியதிலிருந்து அம்மா சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறாள். தலைகூட வாருவதில்லை. நம் குன்றில் பன்னிரண்டு வீட்டுக்குமான பொதுப்பானையில் அவள் சமைக்கும் முறை மூன்று தடவை தப்பிப்போயிற்று. சாப்பாடு வாங்க மட்டும் நான் சட்டியோடு போய் நின்றேன். எவுபேமியா அத்தை எல்லோர் முன்னாலும், “என்னடி, உங்க வீட்டு மகாராணிக்கு இன்னும் பொழுது விடியலையா? வெங்காயம் உரிச்சா கை தேஞ்சிருமாமா?” என்று கேட்டாள். வரிசையே சிரித்தது. அம்மாவை நினைத்து எனக்கு அவமானமாக இருந்தது. அவளுக்குக் காசநோய் என்று சொல்லிவிட்டேன். பாதி வீட்டுக்கு வந்துபோன நோய்தானே, அதற்கு யாரும் சிரிக்கமாட்டார்கள் என்று நினைத்தேன்.

சிரிக்கவில்லை. ஆனால் எங்கள் சட்டியைத் தனியாக வைத்துவிட்டார்கள். எப்போதாவது எட்டிப்பார்த்தவர்களும் இப்போது வருவதில்லை. சுகாதார நிலையத்திலிருந்து செவிலி வந்து சளி கேட்டாள். இருமலே இல்லாத அம்மா காறிக் காறித் துப்பிக் கொடுத்தாள்.

அம்மா என்னைத் திட்டுவாள் என்று இருந்தேன். அவளோ, “நோய்தானாடி? அப்போ நான் சோம்பேறி இல்லையே” என்றாள். ஐந்து மாதத்தில் அன்றைக்குத்தான் சிரித்தாள். எழுந்து தன் கரண்டியைத் தனியாகக் கழுவி வைத்தாள். வில்மரைப் பக்கத்தில் படுக்க விடுவதில்லை. அவன் அழுகிறான். அதற்குப் பிறகும் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திங்கட்கிழமை சளிப் பரிசோதனை முடிவு வரும். ஒன்றுமில்லை என்றுதான் வரும். அப்புறம் அம்மா தன்னை என்னவென்று நினைத்துக்கொள்வாள்? அதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

வந்து என்னை அடியுங்கள், திட்டுங்கள். திங்கட்கிழமைக்குள் வந்துவிடுங்கள். அம்மா எழுந்திருப்பதில்லை என்று சொன்னால் மேஸ்திரி விடுப்பு தரமாட்டார். அவளுக்குக் காசநோய் என்று சொல்லுங்கள் அப்பா.

உங்களை முகம் பார்க்க வெட்கப்படும் மகள்,
யானிரா