இன்னும் சமக்குறி போடவில்லை

பள்ளிக்கூடத்தில் என் வாங்கின் மறுபாதியாய் இருந்த மச்சான் செல்லத்துரைக்கு,

நீ கண்மூடி ஏழு வருடத்தில் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. சனிக்கிழமைப் பத்திரிகையில் மற்றவர்களும் படிப்பார்கள்; பொறுத்துக்கொள். உன் மகள் மனோன்மணி வரவேண்டிய வள்ளம் வரவில்லை.

நெடுந்தீவில் உன் தங்கையைப் பார்க்கப் போனவள், திங்கட்கிழமை ஊர்காவற்றுறைக்குத் திரும்புவதாக எழுதியிருந்தாள். அன்று மத்தியானம் காற்று மாறியது. மறுநாட் காலை புங்குடுதீவுக் கரையில் அந்த வள்ளத்தின் பலகைகள் ஒதுங்கின. உடல் ஒன்றும் ஒதுங்கவில்லை.

எங்கள் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து தந்தி வந்தது: "இறந்தோர் தொகை உடன் தெரிவி." எனக்குத் தெரிந்தது வள்ளக்காரர் நால்வர் என்பது மட்டும். ஏறிய பயணிகளின் தொகை யாருக்கும் தெரியாது. அதைக் 'க' என்று வைத்து 4 + க என்று குறித்தேன்.

எழுதியதும் கரம்பொன் பள்ளிக்கூடத்து அட்சரகணித வகுப்பு கண்முன் வந்தது. வாத்தியார் 2க + 6 + க என்பதைச் சுருக்கச் சொன்னார். நீ 3க + 6 என்று சரியாகச் சுருக்கினாய். அதோடு நிற்காமல் "= 0" என்று போட்டு, க = −2 என்று விடையும் கண்டாய்.

"பூச்சியத்துக்குச் சமன் எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை, சேர். முடிவில்லாமல் விட ஏலாதெல்லே?"

"அதுக்காக நீரே ஒரு முடிவை உண்டாக்கினீரோ? இது கோவை, ஐசே. க எவ்வளவாயும் இருக்கலாம். இன்னதுக்குச் சமன் எண்டு தந்தால்தான் அது சமன்பாடு. அப்பதான் க-வைத் தேடலாம்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். தந்தியைக் கையில் வைத்திருந்தபோதுதான் உன் பதற்றம் எனக்கு விளங்கியது. துறையில் ஒருவர் பதினேழு என்றார், இன்னொருவர் இருபது என்றார். ஒன்றைப் போட்டு அனுப்பியிருக்கலாம். அந்த எண்ணுக்குள் உன் பிள்ளையும் அடங்கியிருப்பாள். "தொகை தெரியாது" என்று பதில் அடித்தேன்.

உன் வீட்டில் அயலவர்கள் அழத் தொடங்கிவிட்டார்கள். உன் பூரணம் வாசல் படலையில் நின்று மறித்தாள். "செத்தவீட்டுக்கோ வந்தனீங்கள்? ஆர் உங்களுக்குச் சொன்னது?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணை, நீங்கள் பேப்பர்க்காரன். என்ரை பிள்ளை இருக்கிறாளோ, இல்லையோ?"

"தெரியாது, தங்கச்சி" என்றேன். வேறென்ன சொல்ல?

நேற்றுப் பின்னேரம் மீன்பிடிக்கும் ஒருவர் தேடி வந்தார். "காத்து மாற முந்தி நயினாதீவிலை அந்த வள்ளத்தாலை ரண்டு பொம்பிளையள் இறங்கினவை. முகம் பாக்கேல்லை, ஐயா." அதன்பின் அங்கே எந்த வள்ளமும் போகவில்லை. 4 + க − 2 என்று திருத்தினேன்.

பயம் அப்போதுதான் கூடியது, மச்சான். கோவையாக இருக்கும்வரை அவள் அந்த இருவரில் ஒருத்தியாக இருக்கலாம். போய் அந்த முகங்களைப் பார்த்தால் விடை வந்துவிடும். நீயாக இருந்தால் போவாயா? கேட்பானேன், நீந்தியாவது போயிருப்பாய்.

காற்று தணிந்திருக்கிறது. காலையில் முதல் வள்ளத்தில் போகிறேன். என்ன கண்டாலும், தந்தி அடிக்க முன்னர் பூரணத்தின் முன் போய் நின்று என் வாயால் சொல்வேன். பத்திரிகையில் பார்த்து அவள் அறிய விடமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. ஆனால் துறையிலிருந்து உன் வீட்டுக்கு நேர்வழி. நான் வாய் திறக்குமுன்னே, தூரத்திலேயே என் முகத்தை அவள் பார்த்துவிடுவாள்.

உன் பிள்ளைக்கு மாமன்,
பொன்னம்பலம்