முட்டிக்குள் ஒரு கத்தரி

மார்ச் 4, செவ்வாய்

காலை ஏழு மணிக்கே கறிக்கடை. இரண்டு மாட்டு முட்டிகளை டிபன் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டு அம்மாள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுந்து நின்றுகொண்டாள். எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது.

முட்டியைப் பிளந்து குருத்தெலும்பைச் சீவி எடுப்பதுதான் ஆய்வுக்கூடத்தில் என் பிழைப்பு. அதில் செல்கள் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் செல்லுக்கு வெளியே நிரம்பியிருக்கும் சரக்கு. கொலாஜன் என்ற புரதம் வலையாகப் பின்னியிருக்கும். வலைக்குள்ளே அக்ரிகன் என்று இன்னொரு புரதம், அசல் பாட்டில் கழுவுகிற பிரஷ்: நடுவில் தண்டு, சுற்றிலும் சர்க்கரையால் ஆன மயிர். அந்த மயிர் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்வதால்தான் நம் பாரத்தை முட்டி தாங்குகிறது.

வீட்டுக்காரரிடம் இதை விளக்கினேன். "உள்ள பிரஷ் இருக்குன்னா பேஸ்ட் எங்க?" என்றார். பதினோரு வருடமாக இவரோடுதான் குடித்தனம்.

மார்ச் 11, செவ்வாய்

போன வாரம் வந்த அதே முடிவுதான் மறுபடியும்! இறைச்சிக்கூடத்திலிருந்து வரும் கன்றுக்குட்டி முட்டியில் பிரஷ் முழுசாக இருக்கிறது. கடையில் வாங்கும் பெரிய மாட்டு முட்டியில் தண்டு துண்டு துண்டு. மூட்டுவலியில் இந்தத் தண்டை வெட்டுகிற நொதிகள் எவையென்று ஏற்கெனவே தெரியும். அவற்றை அடக்கும் மருந்தைப் போட்டுப் பார்த்தேன். வெட்டு நிற்கவில்லை.

அப்படியானால் இது யாருக்கும் தெரியாத நொதியா? வயதானால் மட்டும் கிளம்புகிற கத்தரியா?

பேராசிரியரிடம் காட்டினேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவரைத் தலைவர் என்போம். தன் வலது முட்டியைத் தடவிக்கொண்டே, "இவன்தாம்மா என்னை இருபது வருஷமா அறுக்கிறான்" என்றார். கண் கலங்கியிருந்தது.

மார்ச் 14, வெள்ளி

28ஆம் தேதி கருத்தரங்கில் தலைவர் இதைத்தான் பேசப் போகிறார். என் ஒப்பந்தம் 31ஆம் தேதியோடு முடிகிறது. இந்தக் கண்டுபிடிப்பு உறுதியானால் வேலை உண்டு; இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். தலைவரே வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

நொதிக்குக் 'கத்தரியான்' என்று பெயர் வைத்திருக்கிறோம். கண்ணாடி முன்னால் நின்று, "கத்தரியானைக் கண்டுபிடித்தவள்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்காரர் பின்னால் நின்றிருக்கிறார். மானம் போயிற்று.

மார்ச் 19, புதன்

வேறு வகை நொதிகளை அடக்கும் இன்னொரு மருந்துக்குக் கத்தரியான் அடங்கிவிட்டான். சந்தேகமே வேண்டாம், நொதிதான். தரையில் கால் பாவவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

"வயசானா வருதுன்னு மேடையில சொல்லணும்னா மாட்டோட வயசு வேணுமே. கடைக்காரர்ட்ட கேட்டு எழுதிட்டு வா," என்றார் தலைவர்.

போனேன். கேட்டேன். ஏன் கேட்டேன்?

"வயசு எட்டு பத்து இருக்கும்க்கா. ஏன், இப்பவும் கடுக்குனு இருக்கா? இன்னும் ஒரு மணி நேரம் ஊற வைக்கட்டுமா?"

"எதுல ஊற வைக்கிறீங்க?"

"பப்பாளிப் பால்லதான். வாராவாரம் முட்டியா வாங்கிட்டுப் போறீங்க, பாவம் அக்கா எப்படித்தான் மெல்லுறாங்களோன்னு வீட்ல ஒரே வருத்தம். அதான் நாலு கீறல் போட்டு, நல்லாத் தடவி, ராத்திரியே ஊற வச்சுடறேன். உங்களுக்கு மட்டும்தான். யார்ட்டயும் சொல்லிடாதீங்க."

முதல் நாள் அவர் "சூப்புக்கா, அக்கா?" என்றபோது, விளக்கச் சோம்பல்பட்டு "ம்" என்று சொல்லித் தொலைத்தேன். அந்த ஒரு "ம்"!

பப்பாளிப் பாலில் இருப்பதும் நொதிதானே. புரதத்தை வெட்டுகிற நொதி. ஐயோ. கையும் ஓடல, காலும் ஓடல. அந்த மனுஷனைத் திட்டவும் மனசு வரல. எனக்காக யார் இப்படி ராத்திரி கண் முழிச்சிருக்காங்க?

மார்ச் 26, புதன்

கன்றுக்குட்டி முட்டியில் நானே பப்பாளிப் பால் தடவிப் பார்த்தேன். அதே துண்டுகள், அதே இடத்தில். கத்தரியான் மரத்தில் காய்க்கிறான்.

சொல்லாமல் விட்டால் என்ன? 28 தாண்டும், 31 தாண்டும். யார் போய்க் கறிக்கடையில் விசாரிக்கப் போகிறார்கள்? வீட்டுக்காரரிடம் கேட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "முழுப் பப்பாளியச் சோத்துல மறைக்க முடியுமா? அப்புறம் முட்டிவலிக்காரங்க இத நம்பி மருந்து செஞ்சா?"

பயமாக இருக்கிறது. இந்த வேலை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

மார்ச் 27, வியாழன்

சொல்லிவிட்டேன்.

"பப்பாளியா?" என்றார் தலைவர். மறுபடியும், "பப்பாளியா?" ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு மூன்றாம் முறை. பிறகு, "நாளைக்கு மேடையில நீயே பேசு. எனக்குச் சிரிப்பு வருமா அழுகை வருமான்னு தெரியல," என்றார்.

மார்ச் 28, வெள்ளி

பேசினேன். அந்த "ம்" உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. முன்வரிசையில் ஒரே ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. முடிந்ததும் ஓடி வந்து, "எங்க ஆய்வுக்கூடத்துக்கும் முட்டி கறிக்கடையிலதாங்க வாங்குறோம். நாங்க இதுவரைக்கும் ஒண்ணுமே கேட்டதில்லையே," என்றார். முகம் வெளுத்திருந்தது. அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் நின்றிருந்தார்கள்.

மார்ச் 31, திங்கள்

என் ஒப்பந்தத்தை நீட்டிப்பதா என்று முடிவு செய்யும் கமிட்டியின் முன் உட்கார்ந்தேன். ஒரே கேள்வி: "இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" "கடைக்காரரைக் கேட்டேன்," என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே இருக்கச் சொன்னார்கள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று மூன்றாவது கடை. "கறிமேல ஏதாவது தடவுவீங்களா?" என்று கேட்டு முடிக்கவில்லை, "எதிர்க்கடைக்காரன் அனுப்பினானா?" என்று கத்தியும் கையுமாக வாசல் வரை வந்து வழியனுப்பினார். தெருமுனை வரை ஓடி, மூச்சு வாங்கியபின் அலுவலகப் படிவத்தைப் பூர்த்தி செய்தேன். 'ஆய்வு நேரம்: 10.20 முதல் 10.21 வரை. பதில்: பெற இயலவில்லை.'

ஆய்வுக்கூடங்களுக்கு முட்டி விற்கும் கடைகளின் பட்டியலில் இன்னும் நாற்பத்தோரு கடை இருக்கிறது. கமிட்டி நீட்டித்துக் கொடுத்த ஒப்பந்தப்படி அடுத்த மார்ச் வரைக்கும் இதுதான் உத்தியோகம்.