தோட்டுக் குரோட்டன்

அக்கா,

இன்று காலை உங்கள் படம் கட்டிய அந்தக் கறுப்புப் பையைக் கிணற்றடியிலிருந்து தூக்கினேன். வேர் பையைத் துளைத்து வெளியே வந்துவிட்டது. இனியும் நடாமல் வைத்திருந்தால் கன்று கருகிப்போகும். தூக்கும்போது ஓர் இலை முறிந்தது. முறிந்த இடத்திலிருந்து தண்ணீர் போல ஒரு சொட்டு என் சேலைத் தலைப்பில் விழுந்தது. நான் கவனிக்கவில்லை. மத்தியானம் பார்த்தால் அந்த இடம் மண்ணிறமாகிக் கிடந்தது.

அதைப் பார்த்தபடி விறாந்தையில் இருந்துவிட்டேன். உலை வைக்கவில்லை. எனக்கு எழுதிப் பழக்கமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கடைச் சாமானுக்குக்கூட நீங்கள்தான் எழுதித் தருவீர்கள். ஆனால் இதை உங்களைத் தவிர வேறு யாரிடம் கேட்பேன்?

நாங்கள் முதன்முதல் உங்கள் வீட்டுக்கு வந்து நின்றது நினைவிருக்கிறதா? காங்கேசன்துறையிலிருந்து ஓடி வந்து, அச்சுவேலியில் யார் வளவில் ஒதுங்கலாம் என்று தெரியாமல் உங்கள் கேற்றடியில் நின்றோம். அவருடைய சைக்கிள் காண்டிலில் ஒரு பால்மாப் பேணி தொங்கியது. பேணிக்குள் குரோட்டன். நீங்கள் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சட்டி பானை இல்லாமல் பூக்கண்டோடை இடம்பெயர்ந்து வாற சனத்தை இப்பதான் காணுறன்" என்றீர்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் சிரித்தார். "அக்கா, சட்டி பானை கடையிலை வாங்கலாம். இது வாங்கேலாது" என்றார். நீங்களும் சிரித்துவிட்டீர்கள். அந்தச் சிரிப்போடுதான் உங்கள் வளவில் எங்களுக்கு ஒரு கொட்டில் கிடைத்தது.

அது என்ன கன்று என்று அன்றே கேட்டீர்கள். அவரோடு சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்த கண்டிப் பக்கத்து மனுசன் ஒருவர், ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தது. இலை பாதியில் முடிந்துவிடும். நடு நரம்பு மட்டும் நூல் போல இறங்கி, அதன் நுனியில் இன்னொரு குட்டி இலை தொங்கும். பெரிய இலை மஞ்சள், தொங்குவது சிவப்பு. காற்றடித்தால் தோடு ஆடுவது போல ஆடும். எங்கள் கலியாணம் முடிந்த புதிதில் அதை முற்றத்தில் நட்டுவிட்டு, "தங்கத்திலை தோடு வாங்கித் தருமட்டும் உனக்கு இது ஆடட்டும்" என்று சொன்னவர் அவர். அதனால்தான் எங்களுக்குள் அது தோட்டுக் குரோட்டன். வேலையால் வந்து குளித்ததும் ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைப்பார். அந்தப் பக்கத்துத் தூசியில் எல்லா மரமும் சாம்பல் பூசி நிற்க, எங்கள் வாசலில் அது மட்டும் மினுங்கும். அதன் கொப்பில் ஊன்றிய கன்றைத்தான் ஓடும்போது பேணியோடு தூக்கி வந்தார்.

உங்களுக்கும் பூங்கன்று என்றால் உயிர். விறாந்தை நிழலில் அந்தூரியம், யன்னலில் போத்தல் தண்ணீரில் மணிபிளான்ட், மதிலோரம் கடதாசிப்பூ. "பூ ரெண்டு நாளைக்கு. குரோட்டன் எண்டால் எந்த நாளும் திருவிழா" என்று சொல்வீர்கள். நீங்களே கேட்டு, அந்தக் கன்றைப் பேணியிலிருந்து எடுத்து உங்கள் கேற்றடியில் நட வைத்தீர்கள். அவர்தான் குழி வெட்டினார். நான் தண்ணீர் வார்த்தேன்.

பிறகு எல்லாரும் ஓடினோம். நீங்கள் சாவகச்சேரிப் பக்கம், நாங்கள் வன்னிக்கு. பிரியும்போது உங்கள் கையைப் பிடித்துச் சொன்னேன்: "நீங்கள் முந்தித் திரும்பினால் உந்தக் குரோட்டனைப் பாத்துக்கொள்ளுங்கோ அக்கா." "ஓம் பிள்ளை, என்ரை பிள்ளை மாதிரிப் பாப்பன்" என்றீர்கள்.

அவர் வன்னியில் நெஞ்சு வலித்துப் போய்விட்டார். அவருடைய அடையாள அட்டைப் படத்தைத் தவிர என்னிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. முகாமிலிருந்து விட்டதும் போக இடமில்லாமல் உங்களை நினைத்தேன். சந்திக் கடைக்கு போன் எடுத்து உங்களைக் கூப்பிடச் சொன்னேன். "நாளைக்கு வாறன் அக்கா" என்றேன். பிறகு கேட்டேன், "குரோட்டன் நிக்குதோ?" "நீ முதல் வந்து சேர் பிள்ளை" என்றீர்கள். அந்த வார்த்தையில் எனக்கு எவ்வளவு ஆறுதல், தெரியுமா?

வந்து இறங்கினேன். கேற்றடியில் ஒரு கட்டைதான் நின்றது. "பட்டுப்போச்சடி. வேரிலை ஏதோ நோய். வெட்டிப்போட்டன்" என்றீர்கள். நான் நிலத்தில் இருந்துவிட்டேன். கட்டையின் வெட்டுவாயில் செம்பாட்டு மண் அப்பியிருந்தது. அவர் இலை துடைப்பது போல, சேலைத் தலைப்பால் அந்த மண்ணைத் துடைத்தேன். நீங்கள் பதறிப்போய் என் தோளைப் பிடித்துத் தூக்கினீர்கள். "எழும்பு, எழும்பு, எறும்பு கடிக்கும்." என்னைக் கட்டிப்பிடித்து அழுதீர்கள். அவருக்காக நான் ஒழுங்காக அழுதது அன்றுதான், உங்கள் தோளில்.

அடுத்த நாள் விடிய நீங்களே அலவாங்கு போட்டு அந்தக் கட்டையைக் கிளப்பி, அந்த இடத்தில் செவ்வந்தி நட்டீர்கள். "பாக்கப் பாக்க உனக்கு மனம் நோகும்" என்றீர்கள்.

அதற்குப் பிறகு உங்களைவிட எனக்கு யார் இருந்தார்கள்? உங்கள் வீட்டில்தான் சாப்பிட்டேன், உங்கள் விறாந்தையில்தான் படுத்தேன். ஆமி எங்கள் காணியைத் திருப்பி விட்டு, அதில் இந்தச் சின்ன வீடு கட்டி முடிந்தபோது, லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டி நிறையப் பூச்சாடிகளோடு வந்து இறங்கினீர்கள். "நீ நிறம் உடுக்காட்டிப் பரவாயில்லை, உன்ரை வாசல் உடுக்கட்டும்" என்று சொல்லிச் சொல்லிச் சாடிகளை அடுக்கினீர்கள். சிவப்பு, மஞ்சள், புள்ளி போட்டது, முறுக்கு இலை, எல்லாக் குரோட்டனும் தந்தீர்கள். ஒன்றைத் தவிர.

யாழ்ப்பாணம் ஆசுபத்திரிக்கு எத்தனை தரம் சேர்ந்து போயிருப்போம்! உங்கள் மகளின் வீடு பக்கத்துத் தெருவில். ஒருநாளும் என்னைக் கூட்டிப் போனதில்லை. "அங்கை ஒரு நாய் நிக்குது, விசர் நாய். புது ஆக்களைக் கண்டால் தொடையைப் பிடிச்சுப்போடும்" என்பீர்கள். நானும் நாய்க்குப் பயந்தவள். பஸ் நிலைய வாங்கில் உட்கார்ந்து உங்களுக்காகக் காத்திருப்பேன். நீங்கள் அங்கிருந்து எனக்கு மறக்காமல் வடை சுற்றிக் கொண்டுவருவீர்கள்.

உங்கள் செத்தவீட்டில் உங்கள் மகளைவிட நான்தான் அதிகம் அழுதேன். அந்த அழுகையை இனித் திருப்பி எடுக்க முடியாது.

அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் காரியம், மகளின் வீட்டில். கேற்றைத் திறக்கப் பயந்து வெளியில் நின்றேன். மகள் ஓடி வந்தாள். "வாங்கோ அன்ரி, ஏன் நிக்கிறியள்?" "நாயைக் கட்டியிருக்கோ பிள்ளை?" "எந்த நாய்? எங்களிட்டை ஒருநாளும் நாய் இருந்ததில்லையே!"

உள்ளே போனேன். முற்றத்தில் பந்தலுக்குக் கீழே வரிசையாகக் கறுப்புப் பைகள். பைக்குப் பை மஞ்சள் இலையில் சிவப்புத் தோடு ஆடுகிறது. பின்வளவில், மதிலுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு தாய் மரம். ஒவ்வொரு பையிலும் நூலில் கட்டிய உங்கள் சிரித்த படம். சாப்பிட்டுப் போகிறவர்களுக்கு ஒவ்வொன்று கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "மற்ற இடத்திலை பாத்திரம் குடுப்பினம். இது நல்ல யோசினை" என்று ஒரு கிழவர் மகளைப் பாராட்டினார். "அம்மாவின்ரை குரோட்டன், ஐயா. எங்கடை பரம்பரைக் கண்டு" என்றாள் அவள். அவளுக்குத் தெரியாது. நாங்கள் பேணியோடு வந்து நின்றபோது அவள் கைக்குழந்தை.

நான் கேட்டேன், "இதை எப்ப பிள்ளை இஞ்சை நட்டது?"

"நீங்கள் வன்னியிலை இருந்து வந்தியளே, அப்பதான் அன்ரி. நீங்கள் வாறதுக்குக் கொஞ்சம் முன்னம். அம்மா விடியக் காலமை ஓட்டோவிலை ஒரு கட்டுக் கொப்பு ஈரச் சாக்கிலை சுத்திக் கொண்டந்தவா. போட்டுட்டு நிண்டு ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்கேல்லை, அவசரமா ஓடினவா. ஆருக்கும் ஒரு கொப்பும் குடுக்கப்படாது எண்டு எனக்குச் சத்தியம். நாங்கள் சாவகச்சேரியாலை திரும்பி வரேக்கை வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை. இது மட்டும்தான் கேற்றடியிலை நிண்டது. அம்மா அதைக் கட்டிப்பிடிச்சு அழுதவா. அதுதான் அம்மா போனாப் பிறகாவது எல்லாருக்கும் குடுப்பம் எண்டு..."

என் கையிலும் ஒரு பையைத் தந்தாள். அவளிடம் நான் என்ன சொல்ல? தாயை எரித்த சாம்பல் ஆறாத பிள்ளை.

பஸ்ஸில் எங்கள் பக்கத்துச் சனம் எல்லாரும் மடியில் கன்றோடு இருந்தார்கள். "என்ன அம்மாமார், எல்லாருமாச் சேந்து பூங்கா போடப் போறியளோ?" என்று கொண்டக்டர் பகிடி விட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அவர் தந்த தோடு பஸ் நிறைய ஆடியது, உங்கள் படத்தோடு.

அக்கா, வீட்டில் ஒன்றும் மிஞ்சாதபோது அது மட்டும் நின்றது என்பது எனக்கு விளங்குகிறது. என்னைவிட யாருக்கு அது விளங்கும்? ஆனால் நகையா அது, ஒருவர் போட்டால் மற்றவருக்கு இல்லாமல் போக? ஒரு கொப்பு முறித்துத் தந்திருந்தால் உங்களுக்கும் குறையாது, எனக்கும் குறையாது. முழுவதையும் கேட்பேன் என்று பயந்தீர்களா? கேட்டுத்தான் இருப்பேனோ என்னவோ. கேட்டால் இல்லை என்று சொல்லியிருக்கலாமே. சண்டை பிடித்துவிட்டு மறுநாள் தேத்தண்ணிக்கு வந்திருப்பேன்.

இவ்வளவுதான் உங்கள் குற்றம் என்று இன்று காலைவரை நினைத்திருந்தேன். பட்டுப்போகிற மரத்திலிருந்து கொப்புகளை முறித்து ஒளித்து வைத்தீர்கள், பொய் சொன்னீர்கள், அவ்வளவுதான்.

மத்தியானம் பெட்டியைத் திறந்து அந்தச் சேலையை எடுத்தேன். வன்னியிலிருந்து வந்த அன்று உடுத்தியிருந்த வெளிர்நீலச் சேலை. தலைப்பில் உள்ளங்கை அளவு கறை. செம்பாட்டு மண் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இன்று விழுந்த சொட்டுப் பட்ட இடத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே நிறம், ஒரே ஓரம். மண் இல்லை அக்கா, கயர், பச்சை மரத்தில் வடிகிற கறைச்சாறு. காய்ந்த கட்டையில் கயர் வராது. செத்த கட்டைக்கு யாரும் மண் அப்பவும் மாட்டார்கள். பச்சை வெட்டுக்குத்தானே அப்புவோம்.

நான் வருகிறேன் என்று சொன்ன பிறகு, விடியக் காலையில், அவர் கையால் குழி வெட்டி நட்ட மரத்தை உயிரோடு தறித்தீர்கள். நான் அதன் முன்னால் இருந்தபோது அது இன்னும் சாகவில்லை. பட்டுப்போனதற்கு அழுகிறேன் என்று நினைத்து உயிரோடு இருந்ததைத் துடைத்தேன். நீங்கள் அதை மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அடுத்த நாள் அலவாங்கு போட்டது என் மனம் நோகும் என்று இல்லை, தளிர்த்துவிடும் என்று.

கன்றை நட்டுவிட்டேன். அது என்ன பாவம் செய்தது? எங்கள் கேற்றடியில், கலியாணம் முடிந்த புதிதில் அவர் நட்ட அதே மூலையில். ஈரத்துணியால் இலைகளைத் துடைத்தேன். பக்கத்து வீட்டுப் பெட்டை எட்டிப் பார்த்து, "அம்மம்மா, அந்தியேட்டியிலை தந்த குரோட்டனோ?" என்றாள். "இல்லையடி. எங்கடை மனுசன் கொண்டந்தது" என்றேன். "தழைக்கட்டும், உனக்கும் ஒரு கொப்புத் தாறன்."

உங்கள் படத்தை நூலறுத்துக் கையில் எடுத்தேன். எறிய மனம் வரவில்லை. சாமிப் படத்தருகே வைக்கவும் மனம் வரவில்லை. அந்தச் சேலைக்குள் வைத்து, மடித்து, பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

நான் வந்த அன்று பின்னேரம் அந்தச் சேலையை உங்கள் கிணற்றடியில் நீங்கள்தான் தோய்த்தீர்கள். தேசிக்காய் வெட்டிப் போட்டுத் தேய்த்தீர்கள், சவர்க்காரம் போட்டுத் தேய்த்தீர்கள், கல்லில் அடித்தீர்கள். நான் வாளியோடு பக்கத்தில் நின்று, "விடுங்கோ அக்கா, கை நோகப்போகுது" என்றேன். "செம்பாட்டு மண் பிள்ளை, பிடிச்சால் போகாது" என்று சொன்னீர்கள். சொல்லிவிட்டும் நிறுத்தாமல் தேய்த்துக்கொண்டே இருந்தீர்கள்.