பாக்கியம் அக்காவின் முகம், ஏழு மடிப்பில்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். சனிக்கிழமை ஈப்போ நகரில் என் சிற்பக் கண்காட்சித் திறப்பு. பாக்கி: இரண்டு தகட்டுக்கு ரிவெட் ஆணி, பெயர் அட்டை, லாரி.

பதினொன்றுக்குப் போன். பாக்கியம் அக்காவின் மருமகன் சேகர். போன வருடம், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை, லயத்தை, இடிப்பதற்கு முந்தின நாள், அக்காவை வீட்டு வாசலில் நிற்க வைத்துப் படம் எடுத்தேன். அதை அலுமினியத் தகட்டில் அச்சிட்டு, ஏழு முக்கோணமாக மடித்ததுதான் கண்காட்சியின் பெரிய சிற்பம். போஸ்டரிலும் அதுதான்.

"எங்க அத்தை மூஞ்சிய துண்டு துண்டாக்கி வச்சிருக்கீங்க. கேட்டீங்களா?"

படம் எடுக்கக் கேட்டேன். மடிக்கக் கேட்கவில்லை.

"நாளைக்கு அத்தைய கூட்டிட்டு வாரேன். அவங்க முன்னாடி பதில் சொல்லுங்க."



ஆகஸ்ட் 6, புதன்

மழை. பட்டறைக் கூரை ஒழுகல். வாளி வைத்தேன்.

மூன்று மணிக்கு வந்தார்கள். சேகர் உட்காரவே இல்லை. அக்கா சிற்பத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். அவர் கண் ஒரு முக்கோணத்தில், வாய் இன்னொன்றில். குனிந்து மடிப்புக்குள் பார்த்தார்.

"நம்பர் எங்கம்மா?"

"என்ன நம்பர்க்கா?"

"கதவுல பதினாலு. நான்தான் செவப்புச் சாயத்துல எழுதுனேன். அத உள்ள மடிச்சிட்டியே."

எனக்கு அது வெறும் கறை. அழகில்லை என்றுதான் உள்ளே தள்ளியிருந்தேன்.

"அத்தை, மூஞ்சிய பாருங்க!" சேகர்.

"மூஞ்சி என்கிட்டதான் இருக்கு. வீடுதான் இல்ல." என் பக்கம் திரும்பினார். "நம்பர வெளிய எடு. மூஞ்சி உள்ள போனா போவட்டும். முடியலனா இத வைக்காத."

ஆகஸ்ட் 7, வியாழன்

மடிப்பைப் பிரித்து எதிர்ப்பக்கம் மடித்தால் அச்சில் வெடிப்பு விழும். புதிதாக அச்சடிக்க ஒரு வாரம். காட்சிக்கூடப் பொறுப்பாளர் மோகன் அண்ணனிடம் சொன்னேன்.

"போஸ்டர் எல்லாம் போயிருச்சி லா. பேசாம விடு. அவங்க என்ன கேஸா போடப் போறாங்க?"

போட மாட்டார்கள். அதுதான் உறுத்தல்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஒன்பதரைக்கு ஆரம்பம். மரச் சுத்தியல், மெதுவாக. மூன்றாம் மடிப்பில் டக். அக்காவின் நெற்றியில் வெள்ளைக் கோடு. நிறுத்தவில்லை. மதியத்துக்குள் முகம் உள்ளே, பதினாலு வெளியே. என் வரைபடத்தில் இல்லாத கோணல் வடிவம். பிடித்திருக்கிறதா, தெரியவில்லை.

மோகன் அண்ணன் வந்து பார்த்தார். பெயர் அட்டைகளை எடுத்துக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 9, சனி

வெயில். முப்பது பேர் இருக்கும். சேகர் வாசலோடு நின்றுவிட்டார். என் முகம் பார்க்கவில்லை. அக்கா, நீலப் புடவை, சிற்பத்தை விட்டு நகரவில்லை.

காம்பார் ஊரிலிருந்து வந்த மாணவி ஒருத்தி என்னிடம், "இது என்ன வடிவங்க?"

வாய் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டார்.

"என் வீடு. செருப்ப கழட்டிட்டு கிட்ட வாம்மா."

அவள் குனிந்து செருப்பு வாரை அவிழ்த்தாள்.