யாரையும் குற்றம் சொல்லாத செய்தி

ஆனி 5, வியாழன்

வெயில். காற்று பலம். கடைமடை வாய்க்காலில் இன்னும் தண்ணீர் இல்லை. நான் சொல்லச் சொல்ல போன் எழுதுகிறது. எழுத்துத் தெரியாதவனுக்கு இது போதும்.

எங்கள் மகன் குமார் வெளிநாட்டுக்கு லாரி ஓட்டப் போனவன். அந்த நாட்டுச் சண்டைக்கு நடுவில் ஒரு கும்பல் பிடித்துச் சிறையில் போட்டுவிட்டது. நம் தூதர்கூட அங்கே நுழைய முடியாதாம். உயிரோடு இருக்கிறானா என்றே தெரியவில்லை, இன்று காலை வரை.

நிவாரண அமைப்பிலிருந்து மல்லிகா என்று ஒரு பெண் வந்தாள். "ஐயா, உங்க பையனை எங்க ஆளுங்க நேர்ல பாத்துட்டாங்க. நல்லா இருக்கார்." என் மனைவி ராசாத்தி அதையே மறுபடி சொல்லச் சொன்னாள்.

"எப்படிம்மா உள்ள விட்டான்? உங்க ஆளுங்க துப்பாக்கி வச்சிருந்தாங்களா?"

"ஒரு குச்சிகூட இல்லீங்க. கேட்டோம். கேட்டுக்கிட்டே இருந்தோம்."

கேட்டார்களாம்! கேட்டதற்குத் திறந்திருக்கிறது அந்தக் கதவு.

ஆனி 6

மல்லிகா மறுபடி. குமாருக்குச் செய்தி எழுதிக்கொள்ள. அங்கே படித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்களாம். வீட்டுச் செய்தி மட்டும். அரசியல் கூடாது.

சொன்னேன்: அம்மா நலம். பசு கன்று போட்டிருக்கிறது. மேலே இருக்கிறவன் அணையைப் பூட்டி வைத்துவிட்டான், காவிரியில் தண்ணீர் வரவில்லை.

பேனா நின்றது. "ஐயா, இது அரசியல்."

"தண்ணியா?"

"தண்ணி வரலைன்னா வீட்டுச் செய்தி. யாரு பூட்டுனாங்கன்னா அரசியல்."

ராசாத்தி: "கல்யாணம் ஆன நாளா இவரு தண்ணிங்கிற வார்த்தையை வசவு இல்லாம சொன்னதில்ல. நீ அந்த வரியை அடிச்சிடும்மா."

"அந்தக் கும்பலைக்கூடத் திட்ட மாட்டியா?" என்றேன்.

"வெளியில சொல்ல மாட்டோங்க. சண்டை போடுற ரெண்டு தரப்புச் சிறைக்கும் போறோம். ஒருத்தரைக் குத்தம் சொன்னா மறுதடவை விட மாட்டாங்க."

"உள்ள போக முடியுதுன்னா அவனைக் கூட்டிட்டே வந்துரலாமே?" ராசாத்தி.

"அது எங்க கையில இல்லீங்கம்மா." தரையைப் பார்த்துச் சொன்னாள்.

சுனாமி வருடம். நாகப்பட்டினம். நம் வெயிலுக்குக் கம்பளிச் சட்டை, மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். நிவாரணக்காரர்களைப் பார்த்துச் சிரித்தவன் நான். இன்று சிரிக்கத் தோன்றவில்லை. கோபத்தை விழுங்கிவிட்டுப் புலிக்கூண்டுக்குள் போய் வருகிறார்கள்.

புரட்டாசி 9

தூறல். சம்பா நடவு நேற்று முடிந்தது. உரம் வாங்க வேண்டும்.

குமாரின் பதில் வந்துவிட்டது! மல்லிகா படித்தாள். காலில் புண், ஆறிவிட்டதாம். "இங்க சிறையில என் பக்கத்துல ஒரு பெரியவர், வேற நாட்டுக்காரர். அவருக்கு எங்கேருந்தும் செய்தி வரல. நம்ம செய்தியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்றார். கன்னுக்குட்டி என்ன நிறம்னு கேக்கிறார்."

அவருக்கும் ஒரு செய்தி எழுதச் சொன்னேன்.

"சொந்தக்காரங்க மட்டுந்தாங்க, ஐயா."

"என் அண்ணன்னு போட்டுக்க."

"பொய்யாயிடும். ஒரு பொய் தெரிஞ்சாலும் அப்புறம் யாரையும் பாக்க முடியாது."

நியாயம்.

ராசாத்தி விடவில்லை. "குமாருக்கே எழுது. நடவு முடிஞ்சு வடை சுட்டோம். உனக்கு ரெண்டு, பக்கத்துல இருக்கிற பெரியப்பாவுக்கு ரெண்டு எடுத்து வச்சோம்."

பெரியப்பா என்றதும் மல்லிகா நிமிர்ந்து பார்த்தாள்.

"வயசானவரை வேற எப்படிடி கூப்பிடுறது?" என்றாள் ராசாத்தி.

மல்லிகா எழுதிக்கொண்டாள்.