ஒரே ஒரு இடத்துக்குப் பெரியம்மா மகளும் நானும்

ஜூலை 1, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. கொடியில் போட்ட துணி பாதி பக்கத்து வீட்டு மாடியில். போய்க் கேட்டு வாங்கி வந்தேன்.

மதியம் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து போன். எழுத்துத் தேர்வில் பாஸ். வெள்ளிக்கிழமை நேர்முகம், வண்ணார்பேட்டை கிளையில். வேலை அண்டர்ரைட்டிங், ஆரம்பநிலை. பாலிசி கேட்டு வருகிறவருக்குக் கொடுக்கலாமா, கூடாதா, கொடுத்தால் பிரீமியம் எவ்வளவு என்று உட்கார்ந்த இடத்தில் முடிவு செய்வது. ஏஜெண்ட் மாதிரி வீடு வீடாக அலைய வேண்டாம். அம்மாவுக்கு வருகிற மே மாதம் ரிட்டையர்மெண்ட். அப்பா இல்லாத வீடு. எத்தனையோ இடத்துக்கு எழுதிப் போட்டதில் கூப்பிட்டது இது ஒன்றுதான்.

கொஞ்ச நேரம் சந்தோஷம். பிறகு பியூலா போன். அவளுக்கும் வந்திருக்கிறதாம்.

இடம் ஒன்றே ஒன்று.

பியூலா, பெரியம்மா மகள். என் வயதுதான். அடுத்த தெரு. (இனி பி. முழுப்பெயர் எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.) இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று அவளுக்குச் சொன்னதே நான். எங்கள் அடுக்களையில் வைத்துப் பாடம் எடுத்ததும் நான். ஆபத்து கூடினால் பிரீமியத்தையும் கூட்டுவது, அதற்குப் பேர் லோடிங், என்று திரும்பத் திரும்பச் சொன்ன பிறகுதான் அவள் தலையில் ஏறியது. என்னை யார் சொல்லச் சொன்னது?

வாங்க வேண்டியவை: ஊக்கு, கருப்புப் பேனா, போட்டோ. கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும்.

ஜூலை 4, வெள்ளி

பெரியப்பா வண்டியில் பி. வந்து இறங்கினாள். சாம்பல் நிறக் காட்டன் சேலை, கஞ்சி போட்டது, ஒரு கசங்கல் இல்லை. எனக்கு அம்மா ஸ்கூலுக்குக் கட்டுகிற சேலை. எந்த வகுப்பு எடுக்கிறீர்கள் என்று வாட்ச்மேன் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

என்னை முதலில் கூப்பிட்டார்கள். உள்ளே மூன்று பேர். மதுரையிலிருந்து வந்த மேடம்தான் கேள்வி கேட்டார். பத்தமடையில் ஒரு கோரைப் பாய் குடோன். சுவரை ஒட்டி டீக்கடை, விறகு அடுப்பு. குடோன்காரர் தீக் காப்பீடு கேட்கிறார், என்ன செய்வீர்கள்?

கொடுக்க முடியாது என்றேன். டக்கென்று. காய்ந்த கோரை, பக்கத்தில் அடுப்பு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மேடம் தலையை ஆட்டினார். சரியான பதில் என்று நினைத்துக்கொண்டேன்.

பி. உள்ளே போனவள் வரவே இல்லை. நான் உள்ளே இருந்ததைப் போல இரண்டு மடங்கு நேரம். ஒரு தடவை உள்ளே சிரிப்புச் சத்தம். நேர்முகத்தில் சிரிக்க என்ன இருக்கிறது?

பஸ் ஸ்டாப்பில் கேட்டேன். அவளுக்கும் அதே குடோன். "நான் எங்கட்டி பதில் சொன்னேன். அவுககிட்ட கேள்வியாத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்கிறாள். சுவர் எவ்வளவு கனம், பாயை எந்தப் பக்கம் அடுக்கியிருக்கிறார், டீக்கடைக் கூரை ஓடா ஓலையா. கடைசியில், பாயைச் சுவரிலிருந்து தள்ளி அடுக்கச் சொல்லிவிட்டு, பிரீமியத்தைக் கூட்டிக் கொடுக்கலாம் என்றாளாம். லோடிங். என் அடுக்களை லோடிங்.

திருப்பிக் கேள்வி கேட்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே.

சர்பத் வாங்கித் தந்தாள். குடித்தேன். வயிற்றெரிச்சலுக்குச் சர்பத் எல்லாம் கேட்காது.

ஜூலை 6, ஞாயிறு



காலை ஆராதனை. காணிக்கைக் கவர்களில் எழுதியிருந்ததை எங்கள் சபைப் போதகரான ஐயர் வாசித்துக்கொண்டே வந்தார். பிறந்தநாள், திருமண நாள், புது வண்டி, சுகப்பிரசவம். அடுத்து, "மகள் ஜெனிட்டாவுக்குக் கிடைத்த நல்ல வேலைக்காக, வசந்தா டீச்சர் குடும்பத்தினர் ஸ்தோத்திர காணிக்கை."

திரும்பி அம்மாவைப் பார்த்தேன். கண்ணை மூடி ஜெபத்தில் இருந்தாள்.

வீட்டுக்கு வந்து கேட்டால், "விசுவாசத்துல குடுத்தேன்ட்டி. கெடைக்கதுக்கு முன்னாலயே நன்றி சொல்லிட்டா ஆண்டவர் குடுக்காம இருப்பாரா?" என்கிறாள். இவளிடம் என்ன பேசுவது.

ஆனால் அதற்கு முன்னால் கோவில் வாசலில் நடந்ததைத்தான் எழுத வேண்டும். எல்லாரும் வந்து கையைப் பிடித்தார்கள். பாடகர் குழுவில் இருந்து ஒரு கூட்டமே வந்தது. சபையில் எல்லாரும் சித்தி என்கிற டெய்சி சித்தி, எப்போது சேர வேண்டும் என்று கேட்டாள். இன்னும் முடிவே வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். எதிரில் பி. நின்றுகொண்டிருந்தாள். "சீக்கிரம் சித்தி" என்றேன்.

நன்றாக இருந்தது. அந்த ஒரு நிமிடம் வேலை எனக்கு, அவளுக்கு இல்லை. பி. சிரித்த முகமாகவே நின்றாள். மறுத்துச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

ஜூலை 7, திங்கள்

பால்காரர் வாழ்த்து. ஆட்டோ அண்ணாச்சி வாழ்த்து. மார்க்கெட்டில் அம்மா ஸ்கூல் டீச்சர் வாழ்த்து. கத்திரிக்காய் வாங்காமல் வந்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்

மெயில் வந்துவிட்டது. வருந்துகிறார்களாம்.

பி.க்கு வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். அவள் போன் செய்யவில்லை, பெரியப்பாதான் தயங்கித் தயங்கி அம்மாவிடம் சொன்னார்.

பி.யிடம் இருப்பவை: முடி. நிறம். கேட்டதும் வண்டி எடுக்கிற அப்பா. வியர்க்காத முகம். இப்போது வேலை.

என்னிடம் இருப்பவை: ப்ளஸ் டூவில் அவளைவிடக் கூடுதல் மார்க்.

அம்மா சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், கோபத்தில் இரண்டு தட்டு.

திங்கட்கிழமைக்குள் பி.க்கு நல்ல காய்ச்சலாக ஒன்று வரட்டும் என்று ஜெபம் பண்ணினேன். இதை ஜெபம் என்று எழுதக் கூடாது.

ஜூலை 11, வெள்ளி

பெரியம்மா வந்தாள். கையில் ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு அவள் வந்து பார்த்ததே கிடையாது. இனிப்பு கொண்டு வந்தால் நமக்கு வலிக்கும் என்று யோசித்திருக்கிறாள். அதுதான் அதிகமாக வலித்தது.

"ஞாயித்துக்கெழம நாங்களும் காணிக்கை குடுக்கணும் வசந்தா. போன வாரம் ஒன் கவர வாசிச்சாக. இப்பம் அதே வேலைக்கு எங்க கவரயும் வாசிச்சா..." அம்மா என்னைப் பார்த்தாள்.

"ஒரு மாசம் கழிச்சிக் குடுங்களேன் பெரியம்மா" என்றேன்.

"ஆண்டவருக்குச் சொல்லுத நன்றிய தள்ளிப்போட எனக்குப் பயமா இருக்குட்டி." காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சாயந்தரம் பி.யிடமிருந்து மெசேஜ். நீ கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. என் மானத்தைப் பார்த்துக்கொள்ள இவள் யார்? பதிலுக்குக் கட்டைவிரல் மட்டும் அனுப்பினேன்.

ஜூலை 13, ஞாயிறு

கோவிலுக்குப் போகவே கூடாது என்றுதான் இருந்தேன். அம்மா தனியாகப் போகத் தயாரானாள், பார்க்க மனசு கேட்கவில்லை. போனேன். லேசான சாரல்.

எப்போதும் பாடகர் குழுவோடு உட்காருகிற பி. இன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நகர்ந்து இடம் விட்டேன்.

ஐயர் கவர்களை எடுத்தார். ஒவ்வொரு பேருக்கும், அடுத்தது பி. பேர்தான் என்று காத்திருந்தேன். பிறந்தநாள். வீடு பால் காய்ச்சியது. ஆபரேஷன். பிறகு, "பெற்ற நன்மைகளுக்காக, பெயர் குறிப்பிட விரும்பாத சகோதரி." அத்தோடு கவர்கள் முடிந்துவிட்டன. பி. பேரே வரவில்லை.

பெயரில்லாத கவர் யாருடையது என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. அந்தப் பக்கம் பெரியம்மா குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன் பெஞ்சிலிருந்து டெய்சி சித்தி திரும்பினாள். "யாருட்டி அது, பேரச் சொல்லக்கூட வெக்கப்பட்டுக்கிட்டு?"

"தெரியல சித்தி."

"அது கெடக்கட்டும். நீ என்னைக்குட்டி வேலைக்குச் சேருத?"

பி. பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு" என்றேன்.