ஆட்டத்தைத் திருப்பித் தருவது

ஜனவரி 6, செவ்வாய்

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று தெரியவில்லை. ஆர்லன் வோசிகாவுக்குச் செய்தி அனுப்பி அனுப்பி, எதை எழுதினாலும் மன்னிப்பில் தொடங்கும் பழக்கம் வந்துவிட்டது. ஐவி இப்போதுதான் தூங்கினாள். என் கணவன் கர்ட் எத்தனால் ஆலையில். அங்கே ஆள் குறைவு. எந்த ஷிப்ட் என்று கேட்பதை விட்டுவிட்டேன்.

விஷயம் இதுதான்: நடுவராக நிற்க எனக்கு வெள்ளிக்கிழமை ஆட்டம் வந்திருக்கிறது. எல்ம் ஃபோர்க்கும் ஹார்லன் க்ரீக்கும். உயர்நிலைப் பள்ளிப் பெண்கள், முதல் அணி. ஐவி பிறந்த பிறகு என் முதல் வெள்ளி ஆட்டம். இந்தப் பருவம் முழுக்க எனக்குக் கிடைத்ததெல்லாம் செவ்வாய் மாலை, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். பந்து கையில் வந்தால் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அம்மாவைத் தேடுகிறவர்கள்.

இந்தப் பக்கத்துப் பள்ளிகளின் கூடைப்பந்துக்கெல்லாம் நடுவர்களை ஒதுக்குவது ஆர்லன்தான். வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒதுக்குவார். வெள்ளியில் நிற்கிறவர்களைப் பார்த்துத்தான் பிப்ரவரி மாவட்டப் போட்டிக்கு ஆள் எடுப்பார். ஐவிக்கு முந்தைய வருடம் என்னை எடுத்திருந்தார். மறுபடி எடுக்க வேண்டும். இந்த வருடமும் விட்டுப்போனால் நான் ‘குழந்தை பெத்தவ’ ஆகிவிடுவேன். அப்படி ஆன யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

“கிடைத்தது. நன்றி.” இதுதான் நான் அனுப்பிய பதில். முதலில் ஒரு பக்கம் எழுதினேன். அழித்துவிட்டேன்.

ஜனவரி 7, புதன்

ரோண்டா போன் செய்தாள். வெள்ளி அவளும் நானும் சேர்ந்து நிற்கிறோம். வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறாள். நாள் முழுக்க ஜனங்களிடம் இல்லை என்று சொல்லிப் பழகியவள், அதனால் நல்ல நடுவர்.

“கண்ணு, வெள்ளிக்கிழமை மேட்ச் கிடைச்சதை ஃபேஸ்புக்ல போட்டியா?”

“போடல.”

“எந்தக் கோச்சோடயாவது பேசினியா?”

“இல்ல.”

“ஆர்லனுக்கு ஏதாவது செஞ்சு அனுப்பினியா?”

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

“அனுப்பிட்ட.”

“கிறிஸ்துமஸுக்கு. வாழைப்பழ ரொட்டி.”

“எல்லாருக்குமா, அவருக்கு மட்டுமா?”

“அவருக்கு மட்டும்.”

ரோண்டா, “அவருக்கு சர்க்கரை வியாதி, தொட்டிருக்க மாட்டார். அதையாவது நல்லதா நெனச்சுக்குவோம்” என்றாள்.

ஜனவரி 8, வியாழன்

சட்டையைத் தேய்த்துத் தொங்கவிட்டேன். இடுப்புப் பட்டை ஒரு துளை தள்ளிப் போகிறது. யாரும் பார்க்கப் போவதில்லை. எல்லாரும் பார்ப்பார்கள். கர்ட்டின் அக்கா டார்சி ஐவியைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டாள்.

ஜனவரி 9, வெள்ளி

மதியம் ஐவி குரைக்க ஆரம்பித்தாள். இருமல் இல்லை, குரைப்புதான். அப்புறம் மூச்சை இழுத்து — அந்தச் சத்தம் — ஒவ்வொரு இழுப்புக்கும் கழுத்துக்கு அடியில குழி விழுது. கர்ட் போன எடுக்கல. ஆலைக்குள்ள எடுக்க முடியாதுன்னு தெரியும். தெரிஞ்சும் அடிச்சுக்கிட்டே இருந்தேன்.

கிளினிக்கில் மருந்து கொடுத்தார்கள். குளிர்ந்த காற்று நல்லது என்றார்கள். அதனால் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு பனியில் வாசல் படியில் நின்றேன். எதிர்வீட்டுக்காரர் காரில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தவர் கை ஆட்டினார். நானும் ஆட்டினேன். குளிருக்கு அவள் குரைப்பு அடங்கிவிட்டது. மூச்சு இப்போது சத்தமில்லாமல் போகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.

ஆட்டத்துக்கு எப்படிப் போவது? டார்சியிடம் இந்த நிலையில் விட்டுவிட்டா? அந்தக் களேபரத்திலும் ஒரு நல்ல காரியம் செய்தேன். ஆர்லனைத் தவிக்கவிடக் கூடாது என்று கிளினிக்கில் காத்திருக்கும்போதே ட்ரெவரைக் கூப்பிட்டேன். போன வருடம்தான் விசில் பிடித்த பையன், மற்றபடி கெட்டிக்காரன். “வரேன், வரேன், கண்டிப்பா வரேன்” என்றான். உடனே ஆர்லனுக்கு எழுதினேன்: குழந்தைக்கு உடம்பு சரியில்லை, வர முடியவில்லை, கவலைப்பட வேண்டாம், என் இடத்துக்கு ட்ரெவர் வருகிறான்.

“சரி” என்று பதில் வந்தது. நிம்மதி.

ஜனவரி 10, சனி

நிம்மதி இல்லை.

ரோண்டா காலையில் கூப்பிட்டாள்.

“பாப்பா எப்படி இருக்கா?”

“பரவாயில்ல. கஞ்சி குடிச்சா. பாதிய என் மேல துப்பினா.”

“நல்லது. அப்ப இப்ப சொல்லலாம். நேத்து ஆர்லன் வந்திருந்தார்.”

மேல் வரிசையில் உட்கார்ந்து, சில்லி என்கிற பீன்ஸ் குழம்பும் இனிப்பான இலவங்கப்பட்டை ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். சர்க்கரை வியாதிக்காரர்.

“உன்னப் பாக்கத்தான் கண்ணு. மாவட்டத்துக்கு. உன் செய்தியப் பாக்கறப்ப பாதி வழி வந்துட்டாராம்.”

“அதான் ஆள் ஏற்பாடு பண்ணிட்டேனே.”

“அந்த மேட்ச் யாரோடது?”

“என்னோடது.”

“அவரோடது. உன்கிட்ட குடுத்திருந்தார். முடியலன்னா அவர் கையில திருப்பிக் குடுக்கணும். நீ என்னடான்னா மிச்சமான குழம்ப பக்கத்து வீட்டுல குடுக்கற மாதிரி ட்ரெவர்கிட்ட குடுத்துட்ட.”

அதோடு முடியவில்லை. எல்ம் ஃபோர்க்கில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் பெண் ட்ரெவரின் சித்தி மகள். அதனாலேயே ஆர்லன் அவனை அந்தப் பள்ளிப் பக்கம் விடுவதில்லை. கடைசி நொடியில் ட்ரெவர் விசில் ஊதி அவளுக்கு யாரும் தடுக்காமல் கூடையில் போட இரண்டு எறிகள் கொடுத்திருக்கிறான். அவள் இரண்டையும் போட்டிருக்கிறாள். எல்ம் ஃபோர்க் ஒரு புள்ளியில் ஜெயித்தது.

“விசில் சரிதான்,” என்றாள் ரோண்டா. “ஹார்லன் க்ரீக் பொண்ணு அவ கைய அடிச்சா, நான் பாத்தேன். கடவுள் வந்து ஊதியிருந்தாலும் அதான். ஆனா ஹார்லன் க்ரீக் கோச் நம்புவானா? கார் நிறுத்தற இடத்துலேர்ந்தே ஆர்லனைக் கூப்பிட்டு, ‘குடும்ப விழாவுக்கு எங்களை ஏன்யா அழைச்சீங்க’ன்னு கேட்டிருக்கான்.”

“ட்ரெவர் எங்கிட்ட சொல்லவே இல்லியே.”

“வெள்ளிக்கிழமை மேட்ச். அவன் அம்மாவே ஆடியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான்.”

மூச்சு முட்டுகிற குழந்தையை வைத்துக்கொண்டு இதையெல்லாம் நான் எப்படி யோசிப்பது? குழந்தைக்கு உடம்பு சரியில்லாதது என் குற்றமா? அதையும் கேட்டேன்.

“அதுக்கு யாரும் கோவிச்சுக்கல. முடியாதுன்னு சொல்லியிருந்தா முடிஞ்சுபோச்சு. நீ ‘கவலைப்பட வேண்டாம்’ன்ன பாரு, அங்கதான். கவலைப்படறதுதான் அவர் வேலை.”

ஜனவரி 14, புதன்

ஆட்டம் ஒன்றும் வரவில்லை. செவ்வாய்கூட.

ஜனவரி 17, சனி

நேற்று ரோண்டாவும் வேறொருத்தியும் வெள்ளி ஆட்டத்தில் நின்றார்கள். யார் என்று கேட்கக் கூடாது. கேட்கவில்லை. பள்ளியின் இணையப் பக்கத்தில் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது கேட்டதாகாது என்று நினைக்கிறேன்.

ஆர்லனுக்கு எழுத உட்கார்ந்தேன். கல்லூரியில் நான் படித்தது தகவல் தொடர்பு. பட்டம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. முதல் வடிவத்தில் ஐவியின் ஆக்சிஜன் அளவு இருந்தது. இரண்டாவதில் கர்ட்டின் ஷிப்ட். மூன்றாவதை ரோண்டாவுக்குப் படித்துக் காட்டினேன். “அழுவுது,” என்றாள்.

“எது?”

“லெட்டர். குழந்தைய வெளிய எடு. புருஷன வெளிய எடு. ட்ரெவரையும் எடு, அவன் பேரச் சொன்னா நீ அவனப் போட்டுக்குடுக்கற மாதிரி. என்ன மிச்சம் இருக்கு?”

இரண்டு வரி மிச்சம் இருந்தது. ‘அந்த வெள்ளி ஆட்டத்தை உங்களிடம் திருப்பித் தந்திருக்க வேண்டும். தராதது என் தவறு.’

அனுப்பிவிட்டேன். பதில் இல்லை. பதில் கேட்கிற மாதிரி அதில் எதுவும் இல்லையே என்று கர்ட் சொன்னான். அவனுக்கு இதெல்லாம் புரிவதில்லை, ஆனால் சொன்னது சரிதான்.

ஜனவரி 27, செவ்வாய்

ஏழாம் வகுப்பு, அதுவும் இரண்டாம் அணி. ஆர்லன் அனுப்பியிருந்தார். “கிடைத்தது. நன்றி.”

வெள்ளிக்கிழமை போலவே சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். ஒரு பெண் தன் கூடையிலேயே பந்தைப் போட்டுவிட்டுக் கையை உயர்த்திக் குதித்தாள். அவள் அப்பா என்னைப் பார்த்து, “அவளுக்குச் சொல்லக் கூடாதா நீ?” என்று கத்தினார். எந்தப் பக்கம் என்று சொல்வது என் வேலையில் வராது. ஆட்டம் முடிந்ததும் அந்தப் பெண் வந்து, “அது கணக்குல சேருமா மிஸ்?” என்றாள். சேரும் என்றேன். சந்தோஷமாகப் போனாள்.

ஆர்லன் வரவில்லை. மேல் வரிசையை நான்கு தடவை பார்த்தேன். வேலை நேரத்தில் மேலே பார்க்கக் கூடாது.

ஜனவரி 29, வியாழன்

எழுதவே கை வரவில்லை.

மதியம் போன். ஆர்லன். அவர் போனில் கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகிறது. ஐவி இடுப்பில், ஸ்பூன் அவள் கையில்.

“மார்னி. நாளைக்கு நிக்க வேண்டிய ஒருத்தருக்கு முழங்கால் பிசகிடுச்சு. பிரேரி கிளென்ல மேட்ச். நிக்கிறியா?”

பிரேரி கிளென். இந்தப் பருவத்தின் பெரிய ஆட்டம். கர்ட்டுக்கு நாளை ஷிப்ட். டார்சி மகளைப் பார்க்க லிங்கன் நகருக்குப் போய்விட்டாள், ஞாயிறுதான் வருவாள். ஐவியை யாரிடம் — யாரிடமும் இல்லை. எல்லாம் ஒரு நொடியில் மண்டைக்குள் ஓடியது. நாக்கு நுனியில் ஐவி, கர்ட், டார்சி, லிங்கன், முழங்காலுக்கு என் அனுதாபம், எல்லாம் வரிசையில் நின்றன.

“முடியாது சார்.”

அந்தப் பக்கம் கெட்டில் கொதிக்கும் சத்தம் மட்டும்.

“காரணம் ஒண்ணும் சொல்லலியே.”

“கேட்டா சொல்றேன் சார்.”

“கேக்கல.” கெட்டிலை அணைத்தார். “வேற யாராவது இருக்காங்களா, உனக்குத் தெரிஞ்சு?”

எனக்குத் தெரிந்து மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் நல்லவர்கள். ஒருத்தி நேற்றுதான் தனக்கு வெள்ளி காலி என்று என்னிடம் அழுதாள்.

“அத நீங்க பாத்துக்கங்க சார்.”

“ம்,” என்றார். வைத்துவிட்டார்.

அவ்வளவுதான். அவரே வந்து குடுத்தாரு, நான் வேணாம்னுட்டேன். ஒரு ‘மன்னிக்கணும்’ கூட சொல்லல. என்ன நினைச்சிருப்பாரு? திமிருன்னு நினைச்சிருப்பாரா? ரோண்டாவிடம் சொன்னேன். “அவ்ளோதான் சொன்னியா? நெஜமா அவ்ளோதானா?” என்று மூன்று தடவை கேட்டாள். நல்லதா கெட்டதா என்று மட்டும் சொல்லவில்லை. ஐவி ஸ்பூனால் என் காதில் அடித்தாள்.

ஜனவரி 30, வெள்ளி

கர்ட் வந்து கேட்டான், “ஏன் சோபாவுல கழுத்துல விசில போட்டுக்கிட்டு உக்காந்திருக்க?” கழற்றிவிட்டேன்.

பிப்ரவரி 2, திங்கள்

காலையில் ஆர்லனிடமிருந்து வந்தது. வாழ்த்து இல்லை, விளக்கம் இல்லை. இந்த வெள்ளி. அடுத்த வெள்ளி. அதற்குக் கீழே மாவட்டப் போட்டி, முதல் நாள், ரோண்டாவுடன். கடைசியில் ஒரு வரி: ‘முடியாத தேதி இருந்தால் என்னிடம் சொல்லவும்.’

மூன்று தேதியையும் கர்ட்டின் ஷிப்டோடு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் போட்டேன். “கிடைத்தது. நன்றி.” பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். ஐவி கதவுக்கு வெளியே தவழ்ந்து வந்து தட்டினாள்.

கர்ட்டுக்கு இரண்டாவது வெள்ளி மட்டும்தான் ஓய்வு. மற்ற இரண்டுக்கும் டார்சிக்கு இப்போது எழுதி அனுப்பினேன். எப்போதும் எழுதுவதில் பாதிகூட இல்லை. இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

டார்சி, இந்த வெள்ளி சாயங்காலமும், மாவட்டப் போட்டி முதல் நாள் சாயங்காலமும் ஐவியைப் பார்த்துக்க முடியுமா? முடியும், முடியாது, ஒரு வார்த்தை போதும். காரணம் வேண்டாம். முடியலன்னா உங்க சர்ச் தோழிங்க யாரையும் நீங்களா ஏற்பாடு பண்ணாதீங்க, என்கிட்டயே சொல்லிடுங்க, நான் பாத்துக்கறேன். சீக்கிரம் பதில் போடுங்க.